ஆறு கண்ணாடிக்குப் பன்னிரண்டு ரப்பர்

மார்ச் 3

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முதலில் படி, பிறகு கிழி. எட்டு வருஷமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நலம் விசாரிக்க இல்லை. அதற்கு எனக்கு முகம் இல்லை என்று எனக்கே தெரியும். ரப்பர் விஷயமாக எழுதுகிறேன்.

உன் அண்ணன் அந்தப் பழைய இரண்டு கதவு வண்டியை மறுபடி கையில் எடுத்திருக்கிறார். எட்டு வருஷம் தேடியதில் ஜனவரியில்தான் ஒரு முன் கண்ணாடி கிடைத்தது. அவர் வேலை பார்க்கிற எடைமேடைக்கு வரும் லாரிக்காரர் ஒருவர் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இதுவும் போனால் இன்னொன்று குதிரைக் கொம்புதான் என்கிறார். இப்போது கண்ணாடிகளைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் பீடிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ரப்பர் எல்லாம் ஷெட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. போன வாரம் ஷெட்டைச் சுத்தம் செய்யப் போனேன். பெட்டிக்குள் கரப்பான் பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பெட்டிகளைக் குப்பையில் போட்டேன். ரப்பர்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துணிக்கொடியில் காயப்போட்டேன். போட்ட பிறகுதான் எண்ணினேன். பன்னிரண்டு. வண்டியில் ரப்பர் வேண்டிய கண்ணாடி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பின் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு, கதவில் முக்கோணம் இரண்டு. நான் எத்தனை தடவை கூட்டினாலும் ஆறுதான் வருகிறது.

வேலை முடிந்து வந்தவர் கொடியைப் பார்த்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டவில்லை. "பெட்டி எங்க?" என்றார். "குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு" என்றேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். திட்டாத உன் அண்ணனை உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

எதற்குப் பன்னிரண்டு என்று மறுநாள் கேட்டேன். "ஸ்பேர்" என்றார். அப்படியானால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டில் ஒன்று ஏறுகிறது, இன்னொன்று ஏன் ஏற மாட்டேன் என்கிறது? ரப்பர் கல் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. அவருக்குக் கட்டை விரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறதாம். அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தானே.

உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நீ. விறைத்த ரப்பரை எப்படி மாட்டுவது? பதிலை வீட்டுக்கு எழுதாதே, நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை விலாசத்துக்கு எழுது. அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

ரப்பரை வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கிற சூடு. எடுத்துத் துடைத்துக் கிளிசரின் தடவுங்கள், உங்கள் கடையிலேயே இருக்கும். கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தாராளமாக. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. அவர் நெம்புவார். பிடுங்கி வையுங்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் இதை உறையில் போட்டு வைத்திருந்தேன். முடியவில்லை.

போன் நம்பர் கேட்காததற்கு நன்றி. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். தூக்கக் கலக்கத்தில் குரல் கொஞ்சம் குழறினால்கூட உங்கள் வீட்டில் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பீர்கள்.

அவர் வண்டிக்கு முன் கண்ணாடி மாட்டிய அன்றைக்கு நான் வெளியே நின்று கண்ணாடியை அழுத்தினேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். வலது மூலையில் சடக்கென்று விரிசல் விட்டது. "குடிச்சிட்டு வந்து கை வச்சியா?" என்று கேட்டார். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் மேல் அடித்த வாடை கண்ணாடி துடைத்த ஸ்பிரிட் வாடை. நான் குடியை விட்டு நாலரை மாதம் ஆகியிருந்தது. அதற்கான மாத்திரையை வாராவாரம் உங்கள் கையால்தான் வாங்கினேன். நீங்கள் வாசற்படியில் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியும் அண்ணி. வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நீ குடிக்கவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாக அது வரவில்லை. இனி வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அது இருக்கட்டும். பன்னிரண்டு என்றா எழுதினீர்கள்? இந்த ரப்பரை யாரும் ஸ்பேர் வாங்க மாட்டார்கள். வைத்திருந்தாலே விறைத்துப் போகும் சரக்கு இது. சரியாக எண்ணினீர்களா?

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

மூன்று தடவை எண்ணினேன். பன்னிரண்டேதான். மாத்திரை எண்ணி எண்ணிக் கை பழகியவள் நான், ரப்பர் வளையத்தை எண்ணத் தெரியாதா?

வெந்நீர் வைத்தியம் பலித்தது. இடது முக்கோணத்துக்கு ஒரு ரப்பர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே என் பக்கம் திரும்பி, "கிளிசரின் தடவணும்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். "கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க" என்றேன். "அந்தம்மா என்ன மெக்கானிக்கா?" என்றார். "அவங்க வீட்டுக்காரர் டயர் கடை வச்சிருக்கார்" என்றேன். பொய் என்பது ஒன்றோடு நிற்காது போலிருக்கிறது. இப்போது அந்த அம்மாவுக்கு ஒரு புருஷன், ஒரு டயர் கடை எல்லாம் ஆகிவிட்டது. நாளைக்குப் பேரன் பிறந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் வலது முக்கோணத்துக்கு அதே வைத்தியம் பலிக்கவில்லை. ரப்பர் தகரத்தில் ஏறினால் கண்ணாடி நுழைய மாட்டேன் என்கிறது, கண்ணாடி நுழைந்தால் மூலை எழும்பி நிற்கிறது. வேறொன்றை எடுத்தார். அது உடனே உட்கார்ந்துவிட்டது. இரண்டும் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று, மாட்டியவற்றையும் கழற்றிவிட்டு, சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ரப்பராக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியை எடை போடுகிறவருக்கு வேறென்ன தோன்றும்? பாதி ஈரமாக இருந்ததால் அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்குப் பதில் எழுத நாலு தாள் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஓடி ஒளிகிறேன் என்று நினைக்காதே. ஒளிகிறேன்தான், ஆனால் வருவேன்.

அவசரமாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை முன் கண்ணாடியை மாட்டப் போகிறாராம். தனியாக.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

மாட்ட விடாதீர்கள். கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவீர்களோ, கயிற்றை ஒளிப்பீர்களோ, உங்கள் பாடு.

முன் கண்ணாடி தனி ஆள் வேலை இல்லை. ரப்பரில் இரண்டு காடி இருக்கும், அதாவது நீளப் பள்ளம். உள்பக்கக் காடியில் கண்ணாடி உட்காரும். வெளிப்பக்கக் காடி வண்டியின் தகர விளிம்பைக் கவ்வும். முதலில் கண்ணாடியில் ரப்பரைச் சுற்றி மாட்ட வேண்டும். பிறகு வெளிக் காடி முழுக்க ஒரு நைலான் கயிற்றை ஓட்டி, இரண்டு நுனியும் வண்டிக்குள் தொங்கும்படி வைத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பொருத்த வேண்டும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்துவார். இன்னொருவர் உள்ளே கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழும். வெளியே இருப்பவர் கையும் உள்ளே இருப்பவர் கையும் ஒரே இடத்தில் போக வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் கண்ணாடிதான் பதில் சொல்லும்.

எனக்கு இன்னொரு சந்தேகம். சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, குழப்பம். ஒன்று இறுக்கம், ஒன்று சரி என்கிறீர்கள். அவருடைய டிரில் பிட் பெட்டியைத் திறங்கள். ஐந்து மில்லிமீட்டர் பிட் ஒன்றும் ஆறு மில்லிமீட்டர் பிட் ஒன்றும் எடுங்கள். கூர்ப் பக்கத்தை விட்டுவிட்டு வழவழப்பான வால் பக்கத்தைக் கண்ணாடிக் காடிக்குள் நுழைத்துப் பாருங்கள். பன்னிரண்டிலும். எதில் எது சரியாக உட்காருகிறது என்று எழுதுங்கள்.

ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கும் தெரிகிறது. வருவேன் என்றதால் காத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. நைலான் கயிற்றைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டேன். ஞாயிறு காலை முழுக்க ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினார். "கயித்தைப் பாத்தியா?" என்றார். "எந்தக் கயிறு?" என்றேன். என் மூஞ்சியைப் பார்த்தாலே பொய் தெரியும் என்பார். தெரிந்துதான் இருக்கும். இந்த மாதம் முழுக்க அவரும் எதையோ விழுங்கிக்கொண்டு அலைகிறார்.

அவர் வேலைக்குப் போனதும் டிரில் பிட்டோடு உட்கார்ந்தேன். ஆறு ரப்பரில் ஆறு மில்லிமீட்டர் சுகமாக உட்கார்ந்தது. மற்ற ஆறில் ஐந்துதான் உட்கார்ந்தது, ஆறைத் திணித்தால் உதடு பிதுங்குகிறது. இரண்டு ஆறிலும் முன் ஒன்று, பின் ஒன்று, பக்கம் இரண்டு, முக்கோணம் இரண்டு. ஆக, இரண்டு முழு செட். வண்டி ஒன்று. அதன் கண்ணாடிகளையும் அளந்தேன், எல்லாம் தடிமன் கண்ணாடி. பிறகு எதற்கு மெல்லிய கண்ணாடிக்கு ஒரு செட்? மருந்துக்கடையில் லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடக்கூட மாட்டேன். வீட்டில் லேபிளோடு இருந்த இரண்டு பெட்டியையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு இப்போது காடி அளந்துகொண்டிருக்கிறேன்.

சரி, வருகிறேன் என்றேன் இல்லையா.

மாத்திரை வாங்க வந்த முதல் நாள் நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. ஆறு மாசம் தாண்டினதும் நானே சொல்றேன். நடுவுல விழுந்துட்டேன்னா எனக்கே அசிங்கம்" என்றாய். அன்றைக்கு அவர் கத்தியபோது சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். சத்தியத்துக்காகத்தான் நின்றேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. உடைந்த கண்ணாடி முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பயம். வாயைத் திறந்தால் "நீயும் சேர்ந்து மறைச்சியா?" என்று என் பக்கம் திரும்புவார் என்கிற பயம். நான் தப்பித்துக்கொள்ள உன்னை விட்டுவிட்டேன். இதை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். முதலில் இரண்டாம் பாதி. பிறகுதான் அளவு. படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மெல்லிய கண்ணாடி என் வண்டியுடையது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே பழைய இரும்புக் கடையில் அந்த வண்டிகளை வாங்கினோம். ஒரே அச்சு, ஒரே உருவம். என்னுடையது ஒரு வருஷம் மூத்தது. அந்த ஒரு வருஷத்தில் கண்ணாடியின் தடிமனை மாற்றியிருக்கிறார்கள். இது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. கண்ணாடி வெட்டுகிற எனக்கே தெரியவில்லை என்பதுதான் கேவலம். அன்றைக்கு இரண்டு வண்டியின் வருஷத்தையும் சொல்லி முன் கண்ணாடி ரப்பர் இரண்டு வாங்கி வந்தோம், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மாட்டும் நேரத்தில் "எது யாருது?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா, கைக்கு வந்ததை எடு" என்றார். நானும் எடுத்தேன். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியை ஐந்து மில்லிமீட்டர் காடியில் திணித்து, அவர் இழுக்க நான் அழுத்தியிருக்கிறேன். மூலையில் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

என் கை இல்லை அண்ணி. அவர் கையும் இல்லை. ரப்பர்.

எட்டு வருஷமாக எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. குடிக்கவில்லை என்பது நிச்சயம். ஆனால் கை நடுங்கியிருக்குமோ, குடியை விட்டவர்களுக்கு அப்படி ஆகும் என்பார்களே, அதுதானோ என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது குழப்பமே வேறு. என் வண்டிக்கான செட்டை அவர் எதற்கு வாங்கினார்? எப்போது வாங்கினார்? தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா? கேட்டு எழுதுங்கள். நான் எழுதுவதை இனி மறைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறையுங்கள். அந்த வண்டி என்னிடம் இல்லை. மூன்று வருஷம் முன்னால் கண்ணாடி மாட்டாமலேயே விற்றுவிட்டேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

உங்கள் மன்னிப்பைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். அன்றைக்கே சொல்லாவிட்டாலும் பிறகாவது அவரிடம் சொல்லியிருப்பீர்கள், அது போதும்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷெட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "டயர் கடைக்காரர் பொண்டாட்டின்னு யாரும் கிடையாது. சொன்னதெல்லாம் உங்க தம்பி" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி வச்சப்பவே தெரியும்."

"எதுக்கு ரெண்டு செட் வாங்கினீங்க?"

கையிலிருந்த ரப்பரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் ரப்பருக்கு ஆர்டர் சொல்லப் போன இடத்தில் கடைக்காரர், "தடிமன் கண்ணாடியா, மெல்லிசா? வருஷம் என்ன?" என்று கேட்டாராம். "அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு நாங்க போட்டது அவனோட ரப்பர்" என்றார். அங்கேயே நின்று இரண்டு செட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உன் செட் இருந்த பெட்டியின் மேல் உன் கடை விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாராம். நான் குப்பையில் போட்டது அந்தப் பெட்டியைத்தான். அன்றைக்கு ஏன் திட்டவில்லை என்று இப்போது புரிகிறது. திட்டினால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"ரெண்டு வருஷமா ஏன் அனுப்பலை?" என்றேன்.

"அனுப்பினா கூட ஒரு வரி எழுதணும்ல? என்னன்னு எழுதுறது? ரப்பரைப் பார்த்தா அவனுக்கே புரியும்னு நெனச்சேன். புரியலேன்னா என்ன பண்றதுன்னும் நெனச்சேன். அப்படியே நாள் போயிடுச்சு."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப அவனைக் குடிகாரன்னு சொன்னது தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றேன்.

"கண்ணாடி உடைஞ்சது ரப்பரால. அது தெரியும். ஆனா அவன் குடிச்சிருந்தானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தம்பி, நீ என்னைத் தப்பாக நம்பியிருக்கிறாய். பிறகாவது சொல்லியிருப்பேன் என்று எழுதினாயே, நான் சொல்லவில்லை. நீ போன பிறகு உன் பெயரை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த இடத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் எழுது.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

இரண்டு வருஷம் அவர் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு வருஷம் நீங்கள் நாளைக்கு நாளைக்கு என்று இருந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தன் குடிகாரனாகவே இருந்திருக்கிறேன்.

ரப்பரை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். ரப்பர் பேசாது. எனக்கு என்ன வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். அதைச் சொல்ல அவருக்கு முடியாவிட்டால் வேண்டாம். சொல்ல வைக்க உங்களுக்கு முடியாவிட்டாலும் வேண்டாம்.

இதைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டக்கூடச் சரியாக வரவில்லை. உங்கள் மேல் கோபமா, அவர் மேலா, சத்தியம் வாங்கின என் மேலேயா என்று தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "படிங்க" என்றேன். படித்தார். "இதுல நீ என்ன எட்டு வருஷம்?" என்றார். மாத்திரையைச் சொன்னேன், சத்தியத்தைச் சொன்னேன். கடையில் என் கையெழுத்திலேயே தேதி போட்டு வைத்திருந்த பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நாலரை மாதம், ஒரு வாரம்கூட விடவில்லை. வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாலரை மாசம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

இது நேற்று மதியம். இன்று காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். எடைமேடைக்குப் போன் செய்தேன். லீவு சொல்லியிருக்கிறார். கொடியில் ஆறு ரப்பர்தான் தொங்குகிறது. எந்த ஆறு என்று அளந்து பார்த்தேன். தடிமன் ஆறும் இங்கேயே இருக்கிறது.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உன் வண்டி இல்லை என்பது அவருக்குத் தெரியாது, நீ சொல்லாதே என்றதால் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சொல்ல வேண்டியதை மறைத்தேன், இப்போது மறைத்ததும் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வந்தால் கோபப்படு, பரவாயில்லை. வாசலோடு மட்டும் அனுப்பிவிடாதே. அவர் உணர்ச்சியைக் காட்டத் தெரியாதவர், உணர்ச்சி இல்லாதவர் இல்லை. உடனே எழுது.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஆள் வந்துவிட்டார். பதினேழாம் தேதி சாயங்காலமே. கடிதம் இப்போதுதான் வந்தது. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடையில் ஒரு வாடிக்கைக்காரர் உட்கார்ந்திருந்தார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், ஆளுயரக் கண்ணாடி ஒன்று வெட்டச் சொல்லியிருந்தார். நான் கண்ணாடியை மேஜையில் விரித்து, அளவுகோலை வைத்து, வைரக் கட்டரைக் கையில் எடுத்த நேரம். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணன். தலை நன்றாக நரைத்துவிட்டது, நீங்கள் அதை எழுதவே இல்லை. தோளில் ஒரு பை, அதற்குள் ரப்பர் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

வா என்று நான் சொல்லவில்லை. அவரும் உள்ளே வரவில்லை. பையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"இது உன்னுது" என்றார்.

"வண்டி இல்ல. வித்து மூணு வருஷம் ஆச்சு" என்றேன். கொஞ்சம் வஞ்சத்தோடுதான் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். பையை நீட்டிய கை அப்படியே நின்றது. வழி முழுக்க இந்த ஒரு காரியத்தை மட்டும் நினைத்துக்கொண்டு வந்திருப்பார். ரப்பரைக் கொடுப்பது, நான் புரிந்துகொள்வது, அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவது. இப்போது கொடுக்க ஒன்றும் இல்லை. பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் உதவவில்லை.

அவர் உள்ளே வந்தார். என் பக்கம் வரவில்லை. முடிதிருத்துபவர் முன்னால் போய் நின்றார். எடைமேடையில் லாரி நம்பரைக் கூப்பிடுகிற அதே உரத்த குரலில் சொன்னார்:

"ஐயா, நான் இவனோட அண்ணன். எட்டு வருஷம் முன்னாடி நாலு பேர் முன்னாடி இவனைக் குடிச்சிருக்கான்னு சொன்னேன். இவன் குடிக்கலை. நான் சொன்னது தப்பு."

அந்த மனிதர் மிரண்டுபோய் எழுந்து நின்றுவிட்டார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். அவரும் பிறகு என்னதான் சொல்வார்?

பாதியில் நிற்கிற வேலையை முடிப்போம் என்று குனிந்து கட்டரைக் கண்ணாடியில் வைத்து இழுத்தேன். அண்ணி, அப்போது என் கை நடுங்கியது. இருபது வருஷத் தொழிலில் அப்படி நடுங்கியதில்லை. கோடு பாம்பு மாதிரி நெளிந்து போனது. கண்ணாடி வீண்.

முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மெதுவாக அண்ணன் பக்கம் சாய்ந்து, "அது எட்டு வருஷத்துக்கு முன்னாடிங்க. இப்ப எப்படி? இப்பக் குடிச்சிருக்காரா?" என்று கேட்டார்.

அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து, அளவுகோலின் மறுநுனியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க. இவன் குடிக்கிறதில்லை" என்றார். "புதுசா ஒண்ணு எடுடா. நான் பிடிச்சுக்கிறேன்."

வேறு கண்ணாடி எடுத்து வெட்டிக் கொடுத்தேன். அந்த மனிதர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம். இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார், எப்போது கிளம்புவார் என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

தம்பி